பூதவாதியின் ஐயமும் தமிழ் அறநெறியும்

1. ஆராய்ச்சிக்குரிய இடர்ப்பாடு

ஒரு கொள்கையை அதனை உடன்பட்டோர் கூற்றால் அறிவது ஒரு முறை. அதனை மறுத்தோர் கூற்றால் அறிவது மற்றொரு முறை. சைவம், வைணவம், சமணம், பௌத்தம் ஆகிய நெறிகளைத் தமிழில் முதல் முறையால் அறிய இயலும். உயிர், மறுபிறப்பு, வினைப்பயன் ஆகியவற்றை ஐயுற்றும் மறுத்தும் நின்ற உலகாயதர், பூதவாதியர் ஆகியோரையோ இரண்டாம் முறையாலன்றி அறிதற்கில்லை. அவர்தம் கொள்கையை நிலைநாட்ட அவரே இயற்றிய பழைய தமிழ்நூல் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது.

அவரைப் பற்றிய செய்திகளை நமக்குத் தருவன பெரும்பாலும் மூன்று நூல்கள். மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் பூதவாதி இறுதியில் நிற்கின்றான். நீலகேசியின் பத்துச் சருக்கங்களுள் பூதவாதச் சருக்கம் பத்தாவது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கின்றார். அவற்றுள் உலகாயதம் முதலாவது. முதலில் நிறுத்தினும் இறுதியில் நிறுத்தினும் அவன் மறுக்கப்படுதற்கென்றே நிறுத்தப்பட்டவன். வடமொழியிலும் நிலை பெரிதும் வேறன்று. பதினான்காம் நூற்றாண்டில் மாதவர் இயற்றிய சர்வதரிசன சங்கிரகம் சார்வாக மதத்தை முதலில் வைத்தே தொடங்குகின்றது. சயராசி பட்டரின் தத்துவோபப்பிலவசிங்கம் 1940-இல் அச்சேறிய பின்னரே, எல்லா அளவைகளையும் ஐயுற்ற ஓர் ஆசிரியரின் முழுநூலை அறிஞர் உலகம் நேரிற் காண நேர்ந்தது.

இந்நிலையில் ஆராய்வோர்க்கு இருவகை வழுக்கள் நேர்தல் கூடும். மறுப்போன் எடுத்துரைக்கும் கூற்றையே ஐயவாதியின் சொந்தக் கூற்றாகக் கொள்ளுதல் ஒன்று; மறுப்போன் கூறியன யாவும் திரிபே எனத் தள்ளுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியொன்று உண்டு. ஐயவாதி கேட்ட வினாவிற்கு அந்நூல் உண்மையில் விடை கூறிற்றா, கூறியதாயின் எவ்வளவு கூறிற்று என்று நூலின் சொற்களைக்கொண்டே அளந்தறிதல் அது. அம்முறையில் நோக்குங்கால் தமிழ் அறநெறியைப் பற்றிய ஓர் உண்மை புலனாகின்றது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வஞ்சி நகரத்து வாதம்

வஞ்சி நகரத்தில் மாதவன் வடிவு கொண்ட மணிமேகலை சமயக் கணக்கர் பலரையும் கண்டு அவரவர் திறங்களை வினவுகின்றாள். முதற்கண் உரைக்கும் அளவைவாதி, அளவைகளைப் பத்தெனவும் எட்டெனவும் ஆறெனவும் கொண்ட ஆசிரியர்களைக் குறித்துவிட்டு, ஆறு சமயங்களை எண்ணுகின்றான். அவ்வெண்ணில் முதற்கண் நிற்பது உலகாயதம். அதன் ஆசிரியன் பிருகற்பதி. பௌத்தம், சாங்கியம், நையாயிகம், வைசேடிகம், மீமாஞ்சகம் ஆகியன அதன் பின்னரே வருகின்றன. உலகாயதம் இழிவுரையின்றி, ஆசிரியன் பெயரோடு, பிற தரிசனங்களுக்கு ஒப்ப வைத்து எண்ணப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது. பிற்கால நூல்கள் சிலவற்றிற் காணும் எள்ளற்குறிப்பு இவ்விடத்தில் இல்லை.

இறுதியில் வரும் பூதவாதியின் கொள்கை சுருக்கமும் தெளிவும் உடையது. தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியவிடத்துக் களிப்புத் தோன்றுமாறுபோலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு தோன்றும். கூட்டம் பிரிந்தவழிப் பறையின் ஓசைபோல அது கெடும். காட்சியன்றிக் கருதலளவை செல்லாது. இம்மையும் இம்மைப்பயனும் இப்பிறப்பிலேயே உள்ளன. மறுமையும் ஆங்கு வினைப்பயன் நுகர்தலும் பொய். உணர்வுடைப் பூதம், உணர்வில் பூதம் எனப் பூதத்தை இருவகைப்படுத்தலே உலகாயதனுக்கும் தனக்கும் உள்ள வேறுபாடு என அவன் கூறிக்கொள்கின்றான்.

பிற வாதியரோடு மாறுகொண்டு உரையாடாத மணிமேகலை இவனோடு மட்டும் சொல்லாடுகின்றாள். மணிபல்லவத்தில் பீடிகை கண்டு முற்பிறப்பு உணர்ந்தவள் அவள். ஆதலின் முற்பிறப்பை அறிந்தாரும் உளரோ என்னும் கருத்தை முன்வைத்து நகைக்கின்றாள். தெய்வ மயக்காலும் கனாவாலும் மையலுற்றார் மனம் வேறுபடுதல் உண்டு, ஆதலின் அது ஐயமேயன்றி வேறன்று என்பது அவன் விடை. உன் தாய் தந்தையரைக் கருதலளவையாலன்றி எவ்வாறு அறிவாய், மெய்யுணர்வின்றி மெய்ப்பொருள் உணர்தல் அரிது, இதனை ஐயமென்றல்லது நீ சொல்லப்பெறாய் என்பது அவள் மறுமொழி. வாதம் அத்துடன் முடிகின்றது.

இவ்வாதத்தில் இரண்டு நிலைகளைப் பிரித்து நோக்கல் வேண்டும். காட்சி ஒன்றே அளவையெனின் உலக வாழ்க்கையே நடவாது என்பதை அவள் மறுமொழி ஐயமற நிறுவுகின்றது. தாயை அறிதற்கும் பிறர் சொல்லும் கருதலும் வேண்டும். இவ்வளவில் பூதவாதி தோற்றான் எனலாம். ஆயின் மறுபிறப்பு உண்டென்பதை அது நிறுவியதா? தாய் தந்தையரைக் கருதியறிதல் இவ்வுலகில் பலகாலும் கண்ட நிகழ்ச்சிகளை அடியாகக் கொண்டது. பிள்ளைப்பேற்றைக் கண்டாரும் உளர். அவரை வினவி அறிதலும் கூடும். மறுமைக்கு அத்தகைய அடிப்படை காட்டப்படவில்லை. இவ்வேறுபாட்டை வடபுலத்துச் சார்வாகர் உணர்ந்திருந்தனர். உலகியலில் வழங்கும் அனுமானத்தை உடன்பட்டு, உலகிறந்த பொருளுக்கு அதனை நீட்டுதலை மட்டும் மறுத்த புரந்தரன் என்னும் சார்வாகனின் கருத்தை எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த ஆசிரியராகிய கமலசீலர் எடுத்துரைக்கின்றார். பௌத்தரே குறித்துவைத்த இத்திறத்து வாதியை மணிமேகலை எதிர்கொண்டாள் அல்லள். அவள் முன் நிறுத்தப்பட்டவன் கருதலை அடியோடு மறுத்தவன். எளிதில் வீழ்த்தத் தக்கவன்.

எனினும் சாத்தனாரின் நேர்மை இவ்விடத்திற் புலனாகின்றது. அவள் கூற்றை ஐயமென்கின்றான் அவன். அவன் கூற்றை ஐயமென்கின்றாள் அவள். இருபாலும் வாதம் வந்து நிற்பது ஐயம் என்னும் ஒரே சொல்லில். நின் மறுப்பு முற்றும் பொய் என்று அவள் கூறினாளல்லள். ஐயமாகக் கூறலாம், துணிபாகக் கூறலாகாது என்பதே அவள் உரையின் பொருள். மறுக்கும் உரிமையை அவள் பறிக்கின்றாள். ஐயுறும் உரிமை அவனுக்கு எஞ்சுகின்றது. காப்பியத்தின் தலைவியே வழங்கிய உரிமை இது.

3. நாகர் தலைவன் வினா

இதே வினா மணிமேகலையில் முன்னரும் எழுந்துள்ளது. ஆதிரை பிச்சையிட்ட காதையில், கலம் உடைந்து நாகர் மலை சேர்ந்த சாதுவன் அவர்தம் தலைவன்முன் கொண்டுசெல்லப்படுகின்றான். மகளும் கள்ளும் ஊனும் கொடுக்குமாறு ஏவிய தலைவன், அவன் அவற்றை வேண்டாமை கண்டு வியந்து காரணம் வினவுகின்றான். கள்ளும் கொலையும் விலக்கப்பட்டன என்றும், இறத்தலும் பிறத்தலும் உறங்குதலும் விழித்தலும் போல்வன என்றும், நல்லறம் செய்தார் நல்லுலகும் அல்லறம் செய்தார் நரகும் அடைவர் என்றும் சாதுவன் உரைக்கின்றான். தலைவன் உரக்க நகைத்து, உடலை விட்ட உயிர் எவ்வாறு சென்று எவ்விடம் புகும், அதனைச் சொல் என்கின்றான்.

பூதவாதியின் வினாவும் இதுவே. ஆயின் இவன் தருக்கநூல் கற்றவன் அல்லன். அளவை இத்தனையென அறியாதவன். தான் கண்டதனைக்கொண்டு வினவுகின்றான். வஞ்சியில் நகைத்தவள் நம்பிக்கையுடையவள். நாகர் மலையில் நகைத்தவன் ஐயமுடையவன். சாதுவன் அந்நகையைப் பொறுத்து, வெகுளாது கேட்குமாறு வேண்டிக்கொண்டு விடை கூறுகின்றான். உயிருள்ள உடல் தனக்கு உற்றதை உணரும். அவ்வுடலே உயிர் நீங்கியபின் எரியிலிடினும் உணராது. ஆதலின் உணர்ந்த ஒன்று நீங்கிப்போயிற்று. நீங்கியதற்குப் புகும் இடம் ஒன்று வேண்டும். கனவிலும் உயிர் செல்லுதல் காண்கின்றோம் என்பது அவன் வாதம். தருக்கமுறையால் நோக்கின் இதுவும் முடிந்த முடிபு ஆகாது. பறையோசை எவ்விடம் சென்று புகுந்தது என்று பூதவாதி எதிர்வினவுதல் கூடும்.

ஆயின் காப்பியம் வாதத்தோடு நிற்கவில்லை. தலைவன் சாதுவன் அடிவீழ்ந்தும், கள்ளும் ஊனும் கைவிடின் உடம்பில் உயிர் தாங்கல் எமக்கு அரிது, எமக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்று வேண்டுகின்றான். சாதுவன் அவ்வேண்டுகோளை இகழவில்லை. கலமுடைந்து இங்கு வருவோரைக் கொல்லாது அவர் உயிரைக் காக்க என்றும், மூத்து இறக்கும் விலங்கை ஒழித்து ஏனை உயிர்களுக்குத் தீங்கு செய்யற்க என்றும் கூறுகின்றான். தலைவன் உடன்படுகின்றான்.

இவ்விடத்தில் நிகழ்ந்தது யாது? மறுமையைப் பற்றிய உரையோடு தொடங்கிய அறிவுரை இறுதியில் இம்மைக்குரிய இரண்டு ஒழுக்கங்களாகச் சுருங்கிற்று. அவற்றுள் முதலாவது, துயருற்று வந்தடைந்த அயலானைக் காத்தல். அதனைக் கூறுபவன் அக்கடலிலேயே கலமுடைந்து கரைசேர்ந்தவன். அவ்வறத்தின் நன்மையை உணர்தற்கு உயிர் எங்குப் புகும் என்னும் வினாவின் விடை வேண்டுவதில்லை. ஐயவாதியை அவன் வாழ்க்கைச் சூழலில் வைத்துக் கேட்டபோது அறத்தின் வடிவே அவன்பொருட்டு நெகிழ்ந்தது. பட்டிமண்டபத்தில் நிறுத்தி வாதிட்டபோது அவன் வாய் அடைக்கப்பட்டதேயன்றி அறம் ஒன்றும் பிறந்திலது. ஒரே நூலில் ஒரே வினாவிற்கு அமைந்த இவ்விரு முடிவுகளையும் ஒருங்குவைத்துப் பயிலுதல் வேண்டும்.

4. மறுமையின்றி நிற்கும் அறம்

மறுமையை மறுப்பார் மேல் சமயநூலார் ஏற்றும் தலையாய குற்றம் ஒன்று உண்டு. மறுமை இல்லையெனின் அறத்திற்கு அடிப்படை இல்லை, இன்பம் துய்த்தலே முடிபாகும் என்பது அது. பூதவாதியும் உலகாயதனும் இன்பநுகர்ச்சியை உயர்த்துவோராகவே காட்டப்பட்டமையின் இக்குற்றம் வலிமையுடையதாகத் தோன்றுகின்றது. அவர்தம் விடையை நாம் கேட்க இயலாது. ஆயின் அவர் கூட்டத்தைச் சாராத தமிழ்ச் சான்றோர் சிலர் இதற்கு விடை கூறியுள்ளனர்.

புறநானூற்று 214-ஆம் பாடல் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த காலத்துப் பாடியது. தன் மக்கள் மேல் போருக்கு எழுந்து, புல்லாற்றூர் எயிற்றியனாரின் அறிவுரை கேட்டுப் போரொழிந்த வேந்தன் அவன். நல்வினை செய்வோமோ என்று ஐயுற்று ஐயம் தீராதிருப்போரை நோக்கி அவன் பேசுகின்றான். யானை வேட்டைக்குச் சென்றவன் யானையைப் பெறுதலும் கூடும். குறும்பூழ் வேட்டைக்குச் சென்றவன் வெறுங்கையோடு மீளுதலும் கூடும். உயர்ந்த நோக்கம் உடையார்க்கு வினைப்பயன் உண்டாயின் மேலுலக நுகர்ச்சி கூடும். அந்நுகர்ச்சி இல்லையெனின் மீண்டும் பிறவாமை கூடும். மறுபிறப்பென்பதே இல்லையாயினும் இமயச் சிகரம் போலப் புகழை நிலைநிறுத்திக் குற்றமற்ற உடம்போடு இறத்தல் மிகச் சிறந்தது என்பது அவன் வாதம்.

பிரெஞ்சு அறிஞர் பாசுகல் எழுதி 1670-இல் வெளிவந்த சிந்தனைக் குறிப்புகளில் ஒரு பந்தய வாதம் உண்டு. கடவுள் உண்டென்று கொண்டு ஒழுகின் பெறக்கூடியது எல்லையற்றது, இழப்பது சிறிது என்பது அது. இரண்டையும் ஒப்பிடுவார் ஒற்றுமையை எளிதிற் காண்பர், வேற்றுமையே பெரிது. பாசுகலின் வாதம் எல்லையற்ற ஊதியத்தைச் சார்ந்து நிற்பது. அது நீங்கின் பந்தயமே இல்லை. சோழன் வாதமோ படிப்படியாக ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குகின்றது. மேலுலகம் நீங்குகின்றது; மறுபிறப்பும் நீங்குகின்றது; இறுதியில் எஞ்சுவது குற்றமற்ற வாழ்வும் அதன் புகழும். அதனையே அவன் தலையாயது என்கின்றான். புகழும் ஓர் ஊதியமேயன்றோ எனின், ஆம். ஆயின் அது இவ்வுலகத்தார் மனத்தில் நிற்கும் ஊதியம். பூதவாதியும் அதனை மறுத்தற்கில்லை.

உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆயைப் பாடிய 134-ஆம் பாடல் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. இம்மையிற் செய்தது மறுமைக்கு ஆகும் எனக் கருதி அறத்தை விலைக்குக் கொள்ளும் வணிகன் அல்லன் ஆய். சான்றோர் சென்ற நெறி இதுவென்பதே அவன் கொடைக்குக் காரணம் என்கின்றார் புலவர். மறுமை இல்லையென்று அவர் கூறவில்லை; மறுமையை நோக்கிச் செய்யும் கொடையை வணிகம் என்கின்றார். அறத்தின் பெருமை மறுமையால் மிகுதற்கு மாறாகக் குறைகின்றது என்பது இதனால் பெறப்படும்.

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்து 222-ஆம் குறளில், மேலுலகம் இல்லையாயினும் ஈதலே நன்று என்னும் கருத்தை அமைத்துள்ளார். ஈண்டுப் பரிமேலழகர் உரை கூர்ந்து நோக்கத்தக்கது. மேலுலகம் எய்துதல் இல்லையென்பார் உளராயினும் என்பது அவர் கொள்ளும் பொருள். மூலத்தில் உள்ளது ஒரு நிபந்தனை. உரையில் உள்ளது பிறர் கூற்று. ஆசிரியர் தம் வாயால் எழுப்பிக்கொண்ட ஐயத்தை உரையாசிரியர் பெயரறியாப் பிறர் ஒருவர் வாயில் இட்டுவிட்டார். வள்ளுவர் மறுமையை மறுத்தார் என்பதற்கு இக்குறளைச் சான்றாக்குதல் பொருந்தாது. எழுபிறப்பைப் பற்றிப் பிறாண்டு அவரே பேசுகின்றார். ஆயின் ஈகையின் நன்மை மறுமையின் உண்மையைச் சார்ந்ததன்று என அவர் கருதினார் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

5. அலகை என்னும் பெயர்

ஐயவாதிக்கு எதிராகப் பலகாலும் எடுத்துக்காட்டப்பெறும் குறள் 850-ஆவது. உலகத்தார் உண்டென்பதை இல்லையென்பவன் வையத்தில் அலகையாக வைத்து எண்ணப்படுவான் என்பது அதன் கருத்து. கடவுள், மறுபிறப்பு, இருவினைப் பயன் முதலியனவே உலகத்தார் உண்டென்பன எனப் பரிமேலழகர் விரிக்கின்றார். இவ்விரிவு மூலத்தில் இல்லை. அக்குறள் கடவுள் வாழ்த்திலோ துறவறவியலிலோ அமைந்ததன்று; பொருட்பாலில் புல்லறிவாண்மை என்னும் அதிகாரத்தின் இறுதிக்குறள். அதற்கு முன்னுள்ள இரண்டு குறள்களும் பிறர் சொல்லினும் செய்யாதவனையும், தானும் அறியாதவனையும், அறிவுறுத்த இயலாதவனையும் பற்றியன. எனவே அவ்வதிகாரம் கடியும் குற்றம் பிறர் அறிவுரையை ஏலாத பிடிவாதமேயன்றி ஐயுற்று வினவுதல் அன்று. எப்பொருளை எவரிடத்துக் கேட்பினும் அதன் மெய்ப்பொருளை ஆராய்தல் வேண்டும் என்பதை 423-ஆம் குறளில் வற்புறுத்தியவர் ஆராய்வோனை அலகையென்றார் எனின் அது முன்னுக்குப்பின் முரணாகும். உலகம் என்னும் சொல் உயர்ந்தோரைக் குறிக்கும் மரபையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். பெரும்பான்மையோர் கூறியதே மெய் என்பது வள்ளுவர் துணிபு அன்று.

இஃது உரைவேற்றுமை அளவில் நிற்பதன்று. அரசியலோடு தொடர்புடையதும் ஆகும். பலர் உண்டென்பதை ஒருவன் இல்லையெனின் அவனுக்கு நாட்டில் இடம் உண்டா என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது. மணிமேகலையின் விழாவறை காதையில் புகார் நகரத்து முரசறைவோன் கூறும் அறிவிப்பு இவ்வினாவிற்கு ஒரு விடை. அவரவர் சமயப்பொருளை வாதிப்போர் பட்டிமண்டபம் ஏறுக. பகைவரோடு கூடிய இடத்தும் செற்றமும் கலகமும் செய்யாது நீங்குக என்பது அவ்வறிவிப்பு. வாதிக்கும் உரிமையும் கலகம் செய்யாக் கடமையும் ஒருங்கே கூறப்பட்டன. இதில் எச்சமயமும் விலக்கப்படவில்லை. காப்பியம் காட்டும் இந்நிலை வரலாற்றில் எத்துணை நடைமுறையில் இருந்தது என்பது வேறு வினா. அத்தகைய நிலையைச் சிறந்ததெனப் புலவர் கருதினார் என்பதில் ஐயமில்லை.

6. முடிபு

பேசுதற்கு மண்டபம் இருந்தும் பூதவாதியின் நூல் தமிழில் எஞ்சாமைக்குக் காரணம் யாது? ஓலைச்சுவடி நெடுங்காலம் நில்லாது; படியெடுத்துப் பேணுவோர் இருப்பினன்றி நூல் அழியும். சைவர்க்கு மடங்கள் இருந்தன. சமணர்க்குப் பள்ளிகள் இருந்தன. பள்ளியும் மடமும் இல்லாத கொள்கைக்குப் படியெடுப்போர் யார்? தமிழகத்தில் பௌத்தம் மறைந்தபின் குண்டலகேசியின் நிலையும் இதனைக் காட்டும். அதனை மறுத்தெழுந்த நீலகேசி உரையோடு நின்றது. 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி அதனை அச்சிட்டார். மறுக்கப்பட்ட குண்டலகேசிக்கோ பாடல்கள் சிலவே எஞ்சின. ஆதலின் நூலின்மையைக்கொண்டு கொள்கையின் வலியின்மையை முடிவுசெய்தல் முறையன்று. அச்சு வந்தபின் இந்நிலை மாறிற்று. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய தத்துவ விவேசினி இதழில் ஐயவாதி தன் வாயாலேயே தமிழிற் பேசுகின்றான்.

அவ்விதழையும் பரபக்கத்தையும் ஒருங்கு பயில்வோர் மறுப்போன் கூற்றுக்கும் உடையோன் கூற்றுக்கும் உள்ள தொலைவை அளந்தறிதல் கூடும். அத்தகைய ஆராய்ச்சிக்கு முதுகலை மாணவர் முன்வருதல் வேண்டும். அங்ஙனம் வருவோர் புறநானூற்றுப் புலவரையும் வள்ளுவரையும் நாத்திகர் ஆக்குதலும், அவர்தம் நூல்களில் அமைந்த ஐயத்தை உரைவழியால் மறைத்தலும் ஆகிய இரண்டையும் ஒழித்தல் வேண்டும். மறுமையைப் பற்றிய வழக்கு வஞ்சி நகரத்தில் முடியவில்லை. இருபாலாரும் ஐயம் என்னும் சொல்லோடு பிரிந்தனர். அவ்வழக்கு முடியும்வரை அறம் காத்திருக்க வேண்டுவதில்லை என்பதைக் கோப்பெருஞ்சோழனும் முடமோசியாரும் வள்ளுவரும் உணர்ந்திருந்தனர். கலமுடைந்து கரைசேர்ந்தவனைக் காத்தற்கு உடன்பட்ட நாகர் தலைவனும் அதனை உணர்ந்தவனே என்பது இக்கட்டுரையின் துணிபு.